வீட்டு முடிச்சு

தோணிகள் பாய் விரித்து ஓடிய காலம் அது. சங்குமுனை என்ற ஊரில், கடலுக்குள் விரல் நீட்டினாற்போல் கிடக்கும் மணல்முனையில், ஒரு சாமியார் இருந்தார். நாலு கல் தூண், மேலே ஓலை, நடுவில் ஒரு வேல். அவ்வளவுதான் அவருடைய மடம்.

துறவுக்கு முன்னால் அவர் தண்டல். தோணியில் எல்லாருக்கும் மேலாக நின்று வழி சொல்லி ஓட்டுகிறவரை அந்தப் பக்கத்தில் தண்டல் என்பார்கள். அதனால் ஊர் அவரைத் தண்டல்சாமி என்றே கூப்பிட்டது.

சீடர் கூட்டம் என்று ஒன்றுமில்லை. பட்டுக்கனி ஒருத்திதான். தினம் பொழுது சாய எண்ணெயோடு வருவாள், மணலைக் கூட்டுவாள், வேலுக்கு முன்னால் விளக்கேற்றுவாள், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்காருவாள். அவள் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவள். கிணற்றடியில் இதை வைத்துக் கேலி நடக்கும்.

"ஏ பட்டு, சாமி உனக்கு உபதேசம் பண்ணுதாரா, நீ சாமிக்குப் பண்ணுதியா?"

"விளக்குல எண்ணெய் இருந்தா ரெண்டு பேரும் பேச மாட்டோம்" என்பாள் பட்டுக்கனி.

அவள் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். மூத்த பெண்ணைக் கொல்லத்தில் கொடுத்திருந்தாள், இளையவளை நாகர்கோவிலில். ஒரே மகன் லிங்கதுரை தோணியேறி நாலு வருஷம் ஆகிவிட்டது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. அவள் இருந்தது சின்ன வீடுதான். ஆனாலும் ஒரு ஆளுக்கு அது பெரிசு.

தோணியேறும் அன்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். "துருவ நட்சத்திரத்தைப் பாத்துக்கம்மா. அங்க நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

துருவன் வடக்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். வடக்கே பார்த்தாள். இருப்பதிலேயே பெரிதாக, பளிச்சென்று, மஞ்சள் வெளிச்சத்தோடு ஒன்று நின்றது. அதைப் பிடித்துக்கொண்டாள். கோழியை அடைத்துவிட்டு முற்றத்தில் நின்று தினமும் அதனோடு பேசுவாள்.

"இன்னைக்குச் சாளை மீன் மலிவுடா. உனக்குப் பிடிச்ச மாதிரிப் புளி தூக்கலா வச்சேன். யாரு திங்க?"

ஆனி ஆடியில் அந்த நட்சத்திரம் காணாமல் போய்விடும். மேகம் மறைக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு மாசி மாதம், கொழும்பிலிருந்து ஒரு தோணி வந்தது. அதிலிருந்த இசக்கி அவளுக்குக் கொழுந்தன் முறை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மதினி, ஒம் மவனைப் பாத்தேன். நல்லா கறுத்துப் போயிட்டான். தொந்திகூட லேசா விழுந்திருக்கு."

"வாரேன்னு சொன்னானா?"

இசக்கி தலையைச் சொறிந்தார். மடியிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்து நீட்டினார்.

"இதைத்தான் குடுத்தான். கயிறு இத்துப்போச்சாம். புதுக்கயிறு கோத்து, உன் கையால வீட்டு முடிச்சுப் போட்டு அனுப்பச் சொன்னான். நாங்க விடிஞ்சதும் பாய் ஏத்திருவோம். அதுக்குள்ள குடுத்துரு."

அது ராப்பலகை. இரண்டு விரல் உயரமுள்ள மரத்துண்டு. நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருக்கும். தோணிக்காரன் கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையை முகத்துக்கு எதிரே நீட்டிப் பிடிப்பான். பலகையின் அடிவிளிம்பு கடல் கோட்டில் உட்கார வேண்டும், மேல்விளிம்பு துருவனைத் தொட வேண்டும். தெற்கே போகப் போகத் துருவன் இறங்குவான், வடக்கே வர வர ஏறுவான். ஒவ்வொரு துறைக்கும் துருவன் நிற்கிற உயரம் வேறு. எந்த முடிச்சைக் கடித்தால் பலகை சரியாக நிற்கிறதோ, அந்த ஊர் நேருக்கு வந்துவிட்டோம் என்று கணக்கு.

மற்ற முடிச்சுகளை அந்தந்தத் துறையில் அவனவனே போட்டுக்கொள்ளலாம். வீட்டு முடிச்சை மட்டும் சொந்தக் கரையில் நின்று, வீட்டுப் பெண் ஒருத்தி தன் பல்லால் கடித்து அளந்து போட வேண்டும். சங்குமுனையில் அதுதான் வழக்கம். லிங்கதுரை முதலில் போனபோது அவனுடைய இரண்டாவது அக்காள் போட்டுக்கொடுத்தாள்.

பட்டுக்கனி பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். நாலு வருஷம். அனுப்புவதற்கு அவனுக்குக் கிடைத்தது ஒரு மரத்துண்டு.

பழைய கயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பலகையிலிருந்து உருவினாள். புதுக்கயிறு கோத்தாள். கோபம் கோபம்தான். ஆனாலும் பானையிலிருந்து சில்லுக்கருப்பட்டி எடுத்துத் துணியில் பொதிந்தாள். கட்டுவதற்கு வேறொன்றும் கைக்கு அகப்படவில்லை. அந்தப் பழைய கயிற்றாலேயே சுற்றிக் கட்டினாள். பிறகு பக்கத்துக் கடையில் ஒரு தாளும் பென்சிலும் வாங்கிக்கொண்டு மணல்முனைக்கு நடந்தாள்.

"நேரமாயிட்டே அம்மா" என்றார் சாமியார். விளக்கை அவரே ஏற்றியிருந்தார்.

"சாமி, எனக்கு ஒரு கடுதாசி எழுதித் தரணும்."

"சொல்லுங்க."

"'உன் அம்மா சாகக் கிடக்கா. முகத்தைப் பாக்கணும்னா உடனே புறப்பட்டு வா.' அவ்வளவுதான்."

சாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். அரை மைல் மணலில் வேகமாக நடந்து வந்ததில் அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

"சாகக் கிடக்கியளா?"

"கேலி பண்ணாதிய சாமி. வேற என்ன சொன்னா வருவான்? நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே நாலு வருசமா ஆள் மூலமாச் சொல்லி அனுப்பினேன். அவனும் நல்லதுன்னு அங்கேயே இருந்துட்டான்."

"கையில என்ன?"

பலகையைக் காட்டினாள். இசக்கி சொன்னதைச் சொன்னாள். தோணி விடிந்ததும் போகிறது என்றாள்.

"ரெண்டு வேலை இருக்கு" என்றார் சாமியார். "முடிச்சு ஒண்ணு, கடுதாசி ஒண்ணு. முடிச்சை முதல்ல பாப்போம். கடல்கோடும் துருவனும் ஒண்ணாத் தெரியுற நேரம் வேணும். அந்தி போயிட்டு. இனி விடியுறதுக்குச் சித்த முன்னாலதான்."

"அதுவரைக்கும்?"

"உக்காந்திருப்போம்."

"துருவனை எனக்கு நல்லாத் தெரியும் சாமி. தினம் பாக்குற ஆளுதானே. இப்பவே ஒரு நோட்டம் பாத்துக்கிடுதேன்."

அவர் தடுக்கவில்லை. பட்டுக்கனி கயிற்றைக் கடித்துக்கொண்டு எழுந்து, பலகையை அந்த மஞ்சள் நட்சத்திரத்துக்கு நேரே நீட்டினாள். அது வானத்தில் பாதிக்கு மேலே நின்றது. பலகை கடலுக்கும் போதவில்லை, நட்சத்திரத்துக்கும் போதவில்லை. கையை மடக்கிக் கிட்டே கொண்டுவந்தாள். இன்னும் கிட்டே. கடைசியில் பலகை மூக்கில் இடித்தது.

"பலகை சின்னதாப் போயிட்டே சாமி! என்னத்த மரம் செதுக்கினானுவளோ!"

சாமியார் சிரித்துவிட்டார். வெகு நாளைக்கு அப்புறம் சிரிக்கிறவர் சிரிப்பு அது.

"பலகை சரியாத்தான் இருக்கு. உக்காருங்க. அந்த நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே இருங்க."

உட்கார்ந்தார்கள். நிலா இல்லாத நாள். அலை வருவதும் போவதுமாக இருந்தது. பட்டுக்கனி முருகன் பேரை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இடையிடையே மகனை ஏசினாள், மறுபடியும் முருகன் பேரைச் சொன்னாள். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் மஞ்சள் நட்சத்திரம் கொஞ்சம் இடம் மாறியிருந்தது. உச்சியை விட்டு மேற்கே நகர்ந்தது. பிறகு சரிந்தது. நடுச்சாமம் கழிந்து அது பனங்காட்டுக்கு மேலே தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓலைகளுக்குள் இறங்கி, போய்விட்டது.

பட்டுக்கனி திடுக்கிட்டு எழுந்தாள்.

"சாமி! துருவன் மறைஞ்சுட்டான்!"

"துருவன் மறைய மாட்டான் அம்மா."

"இப்பத்தான் போனான். என் கண்ணால பாத்தேன்."

"அப்ப அது துருவன் இல்ல."

 சாமியார் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். வானத்தில் ஏழு ரிஷிகளும் வளைந்து நின்றார்கள். அவர்களில் முன்னால் போகும் இருவரைக் காட்டினார். அந்த இருவரிலிருந்து நேராகக் கோடு இழுத்து, விரலைக் கடல் வரைக்கும் இறக்கினார். தண்ணீருக்கு ஒரு பிடி உயரம்கூட இல்லாத இடத்தில் விரல் நின்றது.

"ஒண்ணையும் காணோமே."

"நல்லாப் பாருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மங்கலாக ஒரு புள்ளி. சாம்பல் பூத்த கங்கு மாதிரி.

"இதையா? இத்தனூண்டையா?"

"அதைத்தான்."

"எங்க வீட்டு முற்றத்துல இது தெரியாதே. பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னால போயிருமே."

"நம்ம ஊர்ல அவன் ரொம்பத் தாழ. மரம் இருந்தா மறைச்சிரும், கூரை இருந்தா மறைச்சிரும். இந்த முனைக்கு வந்தாத்தான் தெரியும்."

பட்டுக்கனி மணலில் உட்கார்ந்துவிட்டாள். 

"நாலு வருசமா நான் யாரோடயோ பேசிக்கிட்டு இருந்திருக்கேன், சாமி. சாளை மலிவுன்னு சொன்னேன். கால் நோவுதுன்னு சொன்னேன். எல்லாம் யாரோ கேட்டுட்டுப் போயிட்டான்."

சாமியார் போய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்தார், அவள் மறுபடியும் அந்தப் புள்ளியைப் பார்த்தாள்.

"இவ்வளவு மங்கலா இருக்கானே. இவனை எப்படித்தான் தோணிக்காரங்க கண்டுபிடிக்காங்களோ."

"வழி தெரியாதப்ப கண்டுபிடிச்சிருவாங்க."

"மத்ததெல்லாம் கூட்டம் கூட்டமாச் சுத்தி வருது. இவன் மட்டும் ஒத்தையில. அசையவே மாட்டானா?"

"அசைவான். நெல்லுமணி அகலத்துக்கு. இருந்த இடத்துலயே தவிச்சுத் தவிச்சு ஒரு சுத்து."

"அது யாருக்குத் தெரியும்?"

"ராமுழுக்க விழிச்சிருக்குறவங்களுக்கு."

தூணில் ஒரு பழைய ராப்பலகை தொங்கியது. சாமியாருடையது. ஏழு வருஷமாக அதைத் துடைத்து வைக்கிறாள். அன்றுதான் கேட்கத் தோன்றியது.

"சாமி, இதுல வீட்டு முடிச்சு எது?"

"அவுத்துட்டேன்."

"ஏன்?"

"அம்மா போட்டது. அவ போயிட்டா. கயிறு இத்துச்சுன்னா மறுபடியும் போட்டுத்தர ஆள் இல்ல. அதுக்கப்புறம் தோணியில எனக்கு என்ன வேலை?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள் என்று இத்தனை நாள் அவளுக்கு நினைக்க வரவில்லை.

கிழக்கே லேசாக வெளுத்தது. இருட்டாகக் கிடந்த தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது. துருவன் இன்னும் இருந்தான். ஏழு ரிஷிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவன் மட்டும் சாயங்காலத்திலிருந்து நின்ற இடத்திலேயே நின்றான்.

"இப்ப" என்றார் சாமியார்.

பட்டுக்கனி எழுந்தாள். கயிற்றைக் கடித்தாள். பலகையை நீட்டினாள். அடி கோட்டில் உட்கார்ந்தது. மேலே துருவன் இல்லை, கொஞ்சம் கீழே இருந்தான். கையை இன்னும் நீட்டினாள். கயிறு பல்லுக்குள் நழுவியது. பலகை நெஞ்சுத்துடிப்புக்கு ஆடியது. மூச்சை அடக்கினாள். துருவன் பலகையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தான். பல் பட்ட இடத்தை நகத்தால் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க."

"நல்லது. முடிச்சை மட்டும் அதுக்கு அரை விரல் தள்ளிப் போடுங்க."

"எதுக்கு?"

"கயிறு நீளும். ஊருக்கு வரும்போது அரை நாள் ஓட்டம் இருக்கும்போதே பலகை சரியா நிக்கும். ஊர் வந்துட்டுன்னு கரைக்குத் திருப்பிருவான். சீக்கிரம் வந்துருவான்."

பட்டுக்கனிக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"சாமிக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அங்கதானே ஆட்டுப்பார் கிடக்கு! எத்தனை தோணியை முழுங்கின பாறை! தண்டலா இருந்த உங்களுக்குத் தெரியாதா?"

"அரை விரல்தானே அம்மா."

"அரை விரலாவது கால் விரலாவது! என் பிள்ளை இதை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டுத் திருப்புவான். அம்மா போட்ட முடிச்சுன்னு திருப்புவான்!"

"அப்ப சரியாவே போடுங்க."

போட்டாள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று முறை இழுத்து இறுக்கினாள். மறுபடியும் கடித்து, மறுபடியும் நீட்டிப் பார்த்தாள். ஒரு மயிரிழைகூடத் தள்ளவில்லை. துருவன் மங்கிக்கொண்டிருந்தான்.

சாமியார் விளக்கடியில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தார். பென்சிலை எடுத்தார்.

"முடிச்சு ஆச்சு. இனிக் கடுதாசி. 'உன் அம்மா சாகக் கிடக்கா'ன்னு ஆரம்பிக்கணும், இல்லியா?"

பட்டுக்கனி பலகையைப் பிடித்தபடி நின்றாள். முடிச்சின் மேல் அவள் கட்டைவிரல் இருந்தது.

அலை நாலைந்து தடவை வந்து போனது.

"வேண்டாம் சாமி" என்றாள்.

"வேற என்ன எழுத?"

"'லிங்கதுரைக்கு அம்மா எழுதுவது. எனக்கு நோவு ஒண்ணும் இல்ல. கால் மட்டும் மழை நாள்ல குடையுது. வீட்டு முடிச்சு சரியாப் போட்டிருக்கேன்.'" நிறுத்தினாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'உன்னைப் பாக்கணும்னு இருக்கு.' இப்படி எழுதலாமா சாமி? வெக்கமா இருக்கு."

"இதுக்கு முன்னால சொன்னதில்லையா?"

"இல்ல. நல்லாருக்கேன்னுதான் சொல்லி விட்டிருக்கேன்."

சாமியார் எழுதினார்.

"வேற?"

"இப்ப சாளை மலிவு. அதையும் போடுங்க."

அதையும் போட்டார்.

கரையிலிருந்து இசக்கியின் குரல் கேட்டது. "மதினீ! ஆச்சா? காத்து நமக்காக நிக்காது!"

சாமியார் கருப்பட்டிப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். கட்டைப் பார்த்தார். பழைய கயிற்றை மெல்ல அவிழ்த்துத் தூணோரம் வைத்துவிட்டு, ஒரு பனை நாரால் பொட்டலத்தைக் கட்டிக்கொடுத்தார். பட்டுக்கனி கேட்கவில்லை, நேரமில்லை. பலகையும் கடுதாசியும் பொட்டலமுமாக ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இசக்கி கையில் கொடுத்தாள். பாய் ஏறியது. தோணி சிறிதாகிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

ஈரச் சேலையோடு திரும்பி வந்தபோது நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. விளக்கில் எண்ணெய் தீர்ந்திருந்தது. அவள் வேலைக் கும்பிட்டாள். எழுந்திருக்காமல் மண்டியிட்டபடியே கேட்டாள்.

"அதைப் படிச்சும் அவன் வரலன்னா, சாமி?"

சாமியார் தூணோரம் கிடந்த பழைய கயிற்றை எடுத்தார். அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை நீளமாக வைத்தார். ஆறு முடிச்சுகள் இருந்தன. கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

"இது மாலத்தீவு. அங்க போறவன் இதைக் கடிப்பான். இது காலி. இது கொழும்பு. நாலு வருசமா உங்க மவன் ஓடுனது இதுக்குள்ளதான்."

அந்த முடிச்சுகளில் லேசாகப் பல் பட்டிருந்தது, ஆனாலும் உருண்டை குலையவில்லை.

"இது வீட்டு முடிச்சு. ஊருக்கு வராதவனுக்குத் தேவையே இல்ல" என்று கடைசியாகப் பலகைப் பக்கத்து முடிச்சைக் காட்டினார். அது தட்டையாக நசுங்கி, பல்லின் தடம் பதிந்து, ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கயிறு எந்த இடத்துல இத்துப்போயிருக்குன்னு பாருங்கம்மா."

பட்டுக்கனி அந்த முடிச்சை விரலால் தடவினாள். கையை மூடிக்கொண்டாள். வெகு நேரம் கழித்து வடக்கே பார்த்தாள். பகல் வந்துவிட்டதால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவன் நிற்கிற இடம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது.